மணல் தட்டிலிருந்து டேப்லெட் வரை

இந்த முறை கணக்குப் பதிவியலைக் கொஞ்சம் ஓரம் வைத்துவிட்டு வகுப்பறைக்குள் போகலாம்.

வினாத்தாள் தயாரிக்க, விடைத்தாள் திருத்த, குழந்தை வாசிப்பதைக் கேட்டுப் பிழை சொல்ல என்று செயற்கை நுண்ணறிவு வசதிகள் ஆசிரியர்களுக்கு ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. இனி அவர்கள் வேலை பாதியாகிவிடும் என்கிறார்கள். ஆகுமா? பதிலுக்கு 230 வருடங்கள் பின்னால் போக வேண்டும். ஆனால் தூரம் அதிகமில்லை. எங்கள் திருவேற்காட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம், எழும்பூர்தான்.

ஆங்கிலேயப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக 1789-ல் அங்கே ஒரு விடுதிப் பள்ளி தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் வழியில் ஒரு 'மலபார்' பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். (அந்தக் கால ஆங்கிலேயர்கள் தமிழர்களையும் 'மலபார்' என்றுதான் எழுதுவார்கள்.) காகிதம் வேண்டாம், மை வேண்டாம், தப்பாக எழுதினால் கையால் தடவிவிட்டால் போதும்!

தன் பள்ளியிலும் இதையே செய்யச் சொன்னார். கீழ் வகுப்பு ஆசிரியர் முடியாது என்றார். உடனே பெல் அந்த வேலையை ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் கொடுத்தார். அவன் செய்து காட்டினான். அப்புறம் எல்லா வகுப்பிலும் பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதே முறையாகிவிட்டது. நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். 1797-ல் பெல் இதை லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது.

வணிகவியல் மாணவனாக இதற்கு ஒரு பேரேடு போட்டுப் பார்த்தேன். வரவுப் பக்கம்: குறைந்த செலவில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு எழுத்தறிவு. பற்றுப் பக்கம்: பாடம் வெறும் ஒப்பித்தலாகச் சுருங்கியது. ஒரு கருவி மிச்சப்படுத்தியதை ஆசிரியருக்கே திருப்பிக் கொடுக்காமல், ஆசிரியரையே மிச்சப்படுத்தப் பார்த்தார்கள். கடைசியில் 1846-ல் இங்கிலாந்து அரசே முறையாகப் பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர்களுக்கு நிதி கொடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது நம்மூருக்கு வருவோம். 2011-ல் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் திட்டம் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் தொடங்கியது. 2018-ல் புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு வந்தது. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி, 2023-ல் மணற்கேணி செயலி. 2024-ல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் கைக்கு டேப்லெட்.

இதில் நான் கவனித்த வித்தியாசம் ஒன்று உண்டு. க்யூஆர் கோடு ஆசிரியரிடம் எதையும் கேட்பதில்லை. வேண்டுமென்றால் ஸ்கேன் செய்து வீடியோ காட்டலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். 'எமிஸ்' இணையதளம் அப்படியா? வருகைப்பதிவு முதல் மாணவர் விவரம் வரை ஆசிரியர் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பாடம் நடத்த நேரமில்லை, இந்தப் பதிவு வேலைகளைக் குறையுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் பலமுறை கேட்டிருக்கின்றன. இரண்டும் தொழில்நுட்பம்தான். ஒன்று ஆசிரியருக்கு உதவுகிறது, மற்றொன்று ஆசிரியரிடம் வேலை வாங்கியது.

அதனால் இனி வரப்போகும் எந்த வசதியைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் இரண்டு கேள்விகள் கேட்கலாம். இது ஆசிரியரிடமிருந்து எந்த வேலையை எடுத்துக்கொள்கிறது? அப்படி மிச்சமாகும் நேரம் யாருக்குப் போகிறது? நாற்பது விடைத்தாள்களை இயந்திரம் திருத்தித் தந்து, அந்த மாலையில் ஆசிரியர் பின் பெஞ்சுப் பையனுக்குப் பின்னக் கணக்கை மறுபடி சொல்லிக் கொடுத்தால் அது லாபம். அதே நேரத்தில் இன்னும் நாற்பது பிள்ளைகளை அந்த வகுப்பில் சேர்த்துவிட்டால்? அது பழைய மெட்ராஸ் முறைதான், மணலுக்குப் பதிலாகக் கண்ணாடித் திரை, அவ்வளவே.

எழும்பூரில் அந்த எட்டு வயதுப் பையன் சாதித்தது உண்மை. ஆனால் புரியாமல் விழிக்கும் பிள்ளையின் முகத்தைப் படிக்க ஒரு ஆசிரியர் வேண்டும். எந்தக் கருவி வந்தாலும் அதற்கான நேரத்தை அவருக்குத் தருகிறதா என்பதை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும்.