தேசியக் காற்றாற்றல் நிறுவனம், பள்ளிக்கரணை

சென்னையில் வேளச்சேரி–தாம்பரம் பிரதான சாலையில், பள்ளிக்கரணையில் உள்ள ஒன்றிய அரசின் தன்னாட்சி ஆய்வு நிறுவனம். புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின்கீழ் இயங்குகிறது. நாட்டின் காற்று வளத்தை அளப்பது, காற்றாலைகளைச் சோதித்துச் சான்றளிப்பது, மின் உற்பத்தியை முன்கணிப்பது, பயிற்சி தருவது ஆகியவை இதன் பணிகள். 1998இல் காற்றாலைத் தொழில்நுட்ப மையம் (சி-வெட்) என்ற பெயரில், டென்மார்க் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான டானிடாவின் துணையுடன் நிறுவப்பட்டது. 2014இல் இப்போதைய பெயரைப் பெற்றது. வெளிநாட்டு உதவியுடன் எழுந்த இந்த அமைப்பு, இன்று பிற நாடுகளின் பொறியாளர்களுக்குக் கற்பிக்கும் இடமாக வளர்ந்திருக்கிறது.

பின்னணி

இந்தியாவின் காற்று வளத்தை முறையாகத் தொகுக்கும் பணியில் முன்னோடி, வானிலை அறிவியலாளர் அன்னா மாணி. அவரது தொகுப்பான இந்தியக் காற்றாற்றல் தரவு நூல் 1983இல் வெளிவந்தது. பின்னர் பெங்களூரில் அவர் வழிநடத்திய கள ஆய்வுப் பிரிவு, நாடெங்கும் கம்பங்கள் நட்டுக் காற்றின் வேகத்தைப் பதிவு செய்தது.

1986இல் குஜராத், மகாராஷ்டிரம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களில் முதல் செயல்விளக்கக் காற்றாலைப் பண்ணைகள் அமைந்தன. அவற்றில் நின்றவை டென்மார்க்கின் 55 கிலோவாட் இயந்திரங்கள். 1990இல் டானிடா உதவியுடன் குஜராத்தின் லாம்பாவில் 10 மெகாவாட்டும், தமிழ்நாட்டின் கயத்தாறு, முப்பந்தல் பகுதிகளில் 10 மெகாவாட்டும் நிறுவப்பட்டன. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டை கணவாய்களின் வழியே விரைந்து வீசும் இடங்கள் கயத்தாறும் முப்பந்தலும். அங்கு கிடைத்த விளைச்சல் தனியார் முதலீட்டை ஈர்த்தது.

நிறுவப்பட்ட சூழல்

1990களில் காற்றாலை முதலீட்டுக்கு முதலாண்டிலேயே முழுத் தேய்மான வரிக்கழிவு கிடைத்தது. காற்றாலைகள் பெருகின, ஆனால் வரிச்சலுகையையே குறியாகக் கொண்டு, காற்று போதாத இடங்களில் நிறுத்தப்பட்டவையும், இந்தியத் தட்பவெப்பத்தையும் மின்கட்டமைப்பின் ஏற்ற இறக்கத்தையும் தாங்காதவையும் பல. இயந்திரத்தின் தரத்தையும் இடத்தின் காற்றையும் சார்பின்றிச் சொல்ல ஓர் அமைப்பு தேவைப்பட்டது. அந்தத் தேவைக்காகவே சி-வெட் உருவானது.

கயத்தாற்றில் டானிடாவின் நிதியிலும் தொழில்நுட்ப உதவியிலும் காற்றாலைச் சோதனை நிலையம் அமைந்தது. டென்மார்க்கின் ரிசோ தேசிய ஆய்வகம் அறிவுத் துணையாக நின்றது. இயந்திரங்களுக்கு வகைச்சான்று வழங்க டாப்ஸ்-2000 என்ற இந்திய நெறிமுறையும் வகுக்கப்பட்டது.

காற்றையும் வெயிலையும் அளத்தல்

2010இல் ரிசோ ஆய்வகத்துடன் இணைந்து இந்தியக் காற்று வரைபடத்தை சி-வெட் வெளியிட்டது. 50 மீட்டர் உயரத்தில் நாட்டின் காற்றாற்றல் வாய்ப்பு 49,130 மெகாவாட் என அதில் மதிப்பிடப்பட்டது. 80 மீட்டரில் அது 1,02,788 மெகாவாட். அடுத்தடுத்த மதிப்பீடுகளில் 100 மீட்டரில் ஏறத்தாழ 302 கிகாவாட் என்றும், 120 மீட்டரில் 695 கிகாவாட் என்றும் கணக்கு உயர்ந்தது. உயரம் கூடக் காற்றின் வேகம் கூடுகிறது. நுண்மையான கணினி மாதிரிகள் கூடுதல் நிலப்பரப்பைக் கணக்கில் கொண்டுவந்தன.

2011இல் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் தானியங்கி நிலையங்கள் முதற்கட்டமாக 51 இடங்களில் நிறுவப்பட்டன. ஜெர்மனியின் ஜிஐஇசட் அமைப்பு தரவின் தரத்தைச் சரிபார்ப்பதிலும் பகுப்பாய்விலும் உதவியது. காற்றுக்கென அமைந்த நிறுவனம் இவ்வாறு வெயிலின் கணக்கையும் ஏற்றது.

முன்கணிப்பு

தமிழ்நாட்டில் காற்று சீசனில் உற்பத்தி திடீரென ஏறும், திடீரென இறங்கும். எவ்வளவு மின்சாரம் வரும் என்பது முன்கூட்டியே தெரியாவிட்டால், மின்பளு மேலாண்மை மையம் காற்றாலைகளை நிறுத்தச் சொல்ல நேரிடும், காற்று வீணாகும். இதற்குத் தீர்வாக, 2015இல் இந்தியக் காற்றாலை மின் உற்பத்தியாளர் சங்கத்துடனும், ஸ்பெயினின் வோர்டெக்ஸ் நிறுவனத்துடனும் கைகோத்து முன்கணிப்புச் சேவை தொடங்கப்பட்டது. ஒரு நாளை 15 நிமிடங்கள் கொண்ட 96 பகுதிகளாகப் பிரித்து மின்சாரத்தைத் திட்டமிடுவதே இந்திய மின்கட்டமைப்பின் நடைமுறை. முன்கணிப்பும் அதற்கேற்பவே தரப்படுகிறது. எண்ணிமத் தொழில்நுட்பம் பசுமை மின்சாரத்துக்கு நேரடியாகக் கைகொடுக்கும் இடம் இது.

கடற்காற்று

2015இல் தேசியக் கடற்காற்றாற்றல் கொள்கை வகுக்கப்பட்டபோது, அதைச் செயற்படுத்தும் முகமையாக இந்நிறுவனம் அறிவிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2013 முதல் 2018 வரை நடந்த ஃபோவிண்ட் திட்டம் குஜராத், தமிழ்நாட்டுக் கடற்கரைகளை ஆராய்ந்தது. இந்நிறுவனம் அதில் அறிவுப் பங்காளி. 2017இல் காம்பே வளைகுடாவில் லேசர் ஒளியால் காற்றை அளக்கும் லிடார் கருவி நிறுவப்பட்டது. 2020 செப்டம்பரில் இந்தியாவும் டென்மார்க்கும் கடற்காற்றையும் உள்ளடக்கிய பசுமை உத்திக் கூட்டாண்மையை அறிவித்தன. குஜராத், தமிழ்நாட்டுக் கடல்களில் தலா 500 மெகாவாட் அமைக்க, 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது.

கற்பித்தல்

1964இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பப் பொருளாதார ஒத்துழைப்புத் திட்டத்தின்கீழ், ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளின் பொறியாளர்கள் பள்ளிக்கரணைக்கு வந்து பயில்கின்றனர். பெற்றதைப் பகிரும் இந்தப் போக்கை இந்திய அரசின் பிற திட்டங்களிலும் காணலாம். யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் காற்று, சூரிய ஒளி, மின்கலம் இணைந்த மின்னமைப்புகளுக்கு 1.1 கோடி டாலர் இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது.

மதிப்பீடு

நாடுகளுக்கிடையிலான ஒத்துழைப்பு பல நேரங்களில் திட்டக்காலம் முடிந்ததும் தடமின்றிப் போய்விடுகிறது. இங்கே அப்படி நேரவில்லை. டென்மார்க்கின் உதவி இயந்திரங்களோடு நிற்காமல், அளக்கவும் சோதிக்கவும் தெரிந்த ஓர் உள்ளூர் நிறுவனத்தை விட்டுச்சென்றது. வளர்ச்சி உதவி நிலைப்பதற்கு இதுவே சரியான வழி என்பதற்குப் பள்ளிக்கரணை ஒரு தெளிவான சான்று.