பைஜாமாவும் ஷாங்காய் சந்துகளும்

2009-ஆம் ஆண்டு. சீனாவின் ஷாங்காய் நகரம். ஹுவாங்பூ ஆற்றின் கிழக்குக் கரையில் உள்ள பூடோங் பகுதியில் ஒரு குடியிருப்பு. வாசலில் தன்னார்வலர்கள் இரண்டு இரண்டு பேராக நிற்கிறார்கள். காய்கறி வாங்கவோ, பக்கத்துக் கடைக்கோ கிளம்பி வருபவர்களில் சிலரை மட்டும் நிறுத்தி, வீட்டுக்குத் திரும்பிப் போய் உடை மாற்றிக்கொண்டு வரும்படி கேட்டுக்கொள்கிறார்கள். அப்படி என்ன அவர்கள் அலங்கோலமாகவா வந்துவிட்டார்கள்? இல்லை. பூப்போட்ட பருத்திக் கால்சட்டை, அதே துணியில் தைத்த முழுக்கைச் சட்டை. கழுத்திலிருந்து கணுக்கால் வரை எல்லாம் மூடித்தான் இருக்கிறது. ஒரே குற்றம், அது பைஜாமா. படுக்கையில் போட வேண்டியதைத் தெருவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள்!

அடுத்த ஆண்டு மே மாதம் அங்கே உலகக் கண்காட்சி தொடங்க இருந்தது. உலகமே பார்க்க வரும்போது ஊர்க்காரர்கள் இரவு உடையில் திரிந்தால் நகரத்தின் மானம் என்னாவது என்ற கவலை அதிகாரிகளுக்கு. ஆனால் ஷாங்காய் மக்கள் ஏன் பைஜாமாவில் வெளியே வந்தார்கள் என்று கேட்டால், அதற்கான பதில் ஒரு நூற்றைம்பது வருட வரலாற்றில் சிதறிக் கிடக்கிறது.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். பாரசீக மொழியில் 'பாய்' என்றால் கால், 'ஜாமா' என்றால் உடை. இந்தியாவில் அது பகல் உடை. இன்றும் வட இந்தியாவில் குர்தா பைஜாமா கல்யாணத்துக்குக் கூடப் போட்டுக்கொண்டு போகும் மரியாதையான உடைதான். இங்கே வந்த ஆங்கிலேயர்கள் அதன் சுகத்தைக் கண்டு வீட்டில் ஓய்வாக இருக்கும்போது அணிந்தார்கள். பிறகு ஊருக்கும் கொண்டுபோனார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே அது ஆண்களின் தூங்கும் உடையாக மாறியது. ஆக, நம் நாட்டில் தெருவில் நடந்த உடையைப் படுக்கைக்கு அனுப்பியவர்கள் ஐரோப்பியர்கள். அதை மறுபடி தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் ஷாங்காய்க்காரர்கள்! (இடையில் 1920, 30-களில் பிரெஞ்சுக் கடற்கரை ஊர்களில் நாகரிகப் பெண்மணிகள் பட்டு பைஜாமாவோடு உலாவினார்கள். அதை யாரும் அநாகரிகம் என்று சொல்லவில்லை. அது ஃபேஷன்!)

அபினி யுத்தத்தில் தோற்ற சீனா 1842-இல் நான்ஜிங் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. அடுத்த ஆண்டே ஷாங்காய் அந்நிய வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் தனித்தனிப் பகுதிகள் உருவாயின. அந்த வழியாகத்தான் கோட்டும் சூட்டும் பைஜாமாவும் ஊருக்குள் வந்தன. அதே காலத்தில் தைப்பிங் கலகத்துக்கு அஞ்சி சுற்று வட்டாரத்திலிருந்து மக்கள் அந்நியர் பகுதிகளுக்குள் வந்து குவிந்தார்கள். அவர்களைக் குடிவைக்க வரிசை வரிசையாக வீடுகள் எழும்பின. கல் சட்டம் வைத்த வாசல், உள்ளே சின்ன முற்றம், இரண்டு மாடி, இரண்டு வரிசைக்கு நடுவே ஒரு சந்து. அந்த வீட்டை 'ஷிகுமென்' என்றும் சந்தை 'லோங்தாங்' என்றும் சொன்னார்கள்.

ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய வீட்டில் கொஞ்ச காலத்திலேயே நாலைந்து குடும்பங்கள் நுழைந்துவிட்டன. நம் ஊர் ஒண்டுக்குடித்தனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கூடத்தில் ஒரு குடித்தனம், மாடியில் இரண்டு, சமையலறைக்கு மேலே வடக்குப் பார்த்த சிறு அறையில் ஒன்று. அந்தச் சிறு அறைக்கு 'திங்ஸிஜியன்' என்று தனிப்பெயரே உண்டு. கோடையில் வேகும், குளிர்காலத்தில் உறையும், வாடகை மட்டும் குறைவு. ஏழை எழுத்தாளர்கள் பலர் அங்கேதான் குடியிருந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த நகரத்தில் ஓர் ஆளுக்குக் கிடைத்த வசிப்பிடம் சுமார் 4 சதுர மீட்டர். ஒரு கட்டில் போட்டு, பக்கத்தில் ஒரு மேசை போட்டால் தீர்ந்தது.

அப்படியானால் மற்ற வேலைகள் எங்கே நடக்கும்? சந்தில்தான். கரி அடுப்பைப் பற்ற வைப்பது சந்தில். காய் நறுக்குவது, துணி துவைப்பது, மூங்கில் கழியில் காயப்போடுவது, பிள்ளைகள் பாடம் படிப்பது, தாத்தாக்கள் சீட்டாடுவது, கோடை இரவில் மூங்கில் நாற்காலி போட்டுச் சாய்ந்துகொள்வது எல்லாம் சந்தில். பல வீடுகளில் கழிப்பறையே கிடையாது. மரத்தாலான மலச்சட்டியை விடியற்காலையில் வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, கழுவிக் கவிழ்த்து வைப்பார்கள். அதற்குக் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டா போவார்கள்? தண்ணீர்க் குழாயும் பொது, சமையலறையும் பொது. வீட்டின் உள்ளே எது, வெளியே எது என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாத வாழ்க்கை அது. அதிகாரிகள் 'பொது இடம்' என்று சொன்ன சந்து, அங்கே இருந்தவர்களுக்கு வீட்டின் இன்னொரு அறை.

ஆனால் இடநெருக்கடி மட்டுமே காரணம் என்றால் 1950-களிலேயே சந்து முழுக்க பைஜாமா நிறைந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. ஏன்? துணி இல்லை! 1954-இல் சீன அரசு பருத்தித் துணிக்குப் பங்கீடு கொண்டுவந்தது. கையில் காசு இருந்தாலும் கூப்பன் இல்லாமல் ஒரு முழம் துணி வாங்க முடியாது. இந்த நிலை 1983 டிசம்பர் வரை நீடித்தது. சுமார் முப்பது வருடம். ஷாங்காய்க்காரர்கள் அலங்காரப் பிரியர்கள். அவர்கள் அந்தக் கஷ்டத்திலும் ஒரு தந்திரம் செய்தார்கள். சட்டையின் கழுத்துப்பட்டையும் நெஞ்சுப் பகுதியில் கொஞ்சமும் மட்டும் தைத்து, ஸ்வெட்டருக்கு உள்ளே மாட்டிக்கொண்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே முழுச் சட்டை இருப்பது போலத் தெரியும்! 'போலிக் காலர்' என்ற இந்த உடை அங்கே வெகு பிரபலம். முழுச் சட்டைக்கே துணி பற்றாத காலத்தில், தூங்குவதற்கென்று தனியாக மேலும் கீழுமாக ஒரு செட் தைப்பது எவ்வளவு பெரிய ஆடம்பரம்! பெரும்பாலோர் கிழிந்த பழைய துணியோடுதான் தூங்கினார்கள்.

துணிப் பஞ்சம் ஒருபுறம் என்றால் பயம் இன்னொருபுறம். 1966 ஆகஸ்டில் கலாச்சாரப் புரட்சியின் செங்காவலர்கள் தெருக்களில் இறங்கினார்கள். குறுகிய கால்சட்டை போட்டவர்களைப் பிடித்து நடுத்தெருவில் கத்தரியால் வெட்டிவிட்டார்கள். கூர்முனைச் செருப்புகளையும் சுருட்டிவிட்ட தலைமுடியையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. முதலாளித்துவ ஆடம்பரம் என்பது குற்றச்சாட்டு. 1967-இல் நாட்டின் தலைவராக இருந்த லியூ ஷாவோச்சியின் மனைவி வாங் குவாங்மெய்யையே விட்டுவைக்கவில்லை. வெளிநாட்டுப் பயணத்தில் அவர் அழகாக உடுத்தியது குற்றமாம். இறுக்கமான உடை ஒன்றைப் பலவந்தமாக மாட்டி, மேசைப்பந்தாட்டப் பந்துகளைக் கோத்த மாலையைக் கழுத்தில் போட்டு, பெய்ஜிங் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் கூட்டத்தின் முன் நிறுத்தி அவமானப்படுத்தினார்கள். இவையெல்லாம் நடந்தபோது 20 வயதாக இருந்த ஒரு ஷாங்காய்ப் பெண்ணுக்கு, 2010-இல் 64 வயது. வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் தலைமுறை எது என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1978-க்குப் பிறகு சீனா பொருளாதாரக் கதவுகளைத் திறந்தது. கூப்பனும் போனது. கடைகளில் பூப்போட்ட, கரடி பொம்மை போட்ட, சாட்டின் போன்று பளபளக்கும் பைஜாமா செட்டுகள் வந்து இறங்கின. தூங்குவதற்கென்று தனி உடை வைத்திருக்கும் அளவுக்கு வசதி வந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. மேலும் கீழும் ஒரே துணி, புத்தம் புதிது, கிழிசல் இல்லை. வீட்டிலிருக்கும் மற்ற உடைகளைவிட அதுதான் அழகாகவும் இருந்திருக்கும். அதைப் போட்டுக்கொண்டு கட்டிலில் மட்டும் படுத்திருந்தால் யார் பார்ப்பது?

குளிரும் ஒரு காரணம். 1950-களில் வகுத்த கொள்கைப்படி, குளிர்காலத்தில் குழாய் வழியாக வீடுகளைச் சூடாக்கும் வசதி ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே உள்ள நகரங்களுக்குத்தான். ஷாங்காய் தெற்கே இருக்கிறது. ஜனவரியில் அங்கே வெயில் வராத அறை ஐஸ்பெட்டி போல இருக்கும். பஞ்சு வைத்துத் தைத்த கனமான பைஜாமாவைப் போட்டுக்கொண்டால் வீட்டுக்குள்ளும் கதகதப்பு, வெளியிலும் கதகதப்பு. முட்டை வாங்க ஐந்து நிமிடம் வெளியே போவதற்காக அதைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டிக்கொள்ள யாருக்கு மனசு வரும்? அப்படித்தான் சந்து முனைவரை போன பைஜாமா, கடைத்தெருவரை போனது, பிறகு பேருந்திலும் ஏறியது. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஜஸ்டின் குவாரிக்லியா 2008-இல் வெளியிட்ட 'பிளானட் ஷாங்காய்' என்ற புத்தகத்தில் இந்தக் காட்சிகளைக் காணலாம்.

சரி, அரசுக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை? சீன வரலாற்றில் மக்களின் உடம்பின் மேல் அரசு கை வைப்பது புதிதல்ல. ஆட்சியைப் பிடித்த மஞ்சு வம்சத்தார் 1645-இல், சீன ஆண்கள் அனைவரும் முன்மண்டையை மழித்துப் பின்னால் சடை போட வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். மறுத்தால் தலை போகும். மறுத்து எழுந்த ஊர்களில் ஒன்று ஜியாடிங். அங்கே அந்த ஒரே கோடையில் மூன்று முறை படுகொலை நடந்தது. அந்த ஜியாடிங் இன்று ஷாங்காய் நகரத்துக்குள் அடங்கிய ஒரு மாவட்டம்! வேடிக்கை பாருங்கள், 1912-இல் குடியரசு வந்ததும் சடையை வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது. இருநூற்று அறுபது வருடத்தில் சடை பழகிப்போயிருந்ததால், அதை வெட்டிக்கொள்ள மறுத்தும் பலர் அழுதார்கள். 1934-இல் சியாங் கை-ஷேக் நான்சாங் நகரில் 'புதுவாழ்வு இயக்கம்' தொடங்கினார். சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போடு, கண்ட இடத்தில் துப்பாதே என்று அது மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அடுத்து வந்த கம்யூனிஸ்ட்டுகள் சியாங்கின் பரம எதிரிகள். ஆனாலும் 'வென்மிங்', அதாவது நாகரிகம், என்ற சொல்லை அவர்களும் விடவில்லை. 1995-இல் ஷாங்காய் நகராட்சி வெளியிட்ட ஏழு 'கூடாது'களில் துப்புவது, குப்பை போடுவது, பொது இடத்தில் புகைப்பது, கெட்ட வார்த்தை பேசுவது எல்லாம் இருந்தன. பைஜாமா அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்தவர் காலில் எச்சில் படுவதும் ஒருவர் தன் பைஜாமாவில் நடப்பதும் ஒன்றல்ல என்பது அன்றைக்குத் தெரிந்திருந்தது போலும்.

2008 ஒலிம்பிக்கும் 2010 கண்காட்சியும் வந்தபோது நிலைமை மாறியது. பெய்ஜிங்கில் வினியோகிக்கப்பட்ட கையேடு, பைஜாமாவில் வெளியே வராதீர்கள் என்றதோடு நிற்கவில்லை. கறுப்பு ஷூவுக்கு வெள்ளை சாக்ஸ் போடாதீர்கள் என்றும் சொன்னது! ஷாங்காயில் பைஜாமாவுக்கு அபராதம் எதுவும் இல்லை. அறிவிப்புப் பலகைகளும், தன்னார்வலர்களின் உபதேசமும்தான். ஆனால் நிறுத்துபவர் முன்பின் தெரியாத போலீஸ்காரர் அல்ல, அதே குடியிருப்பில் தினமும் முகத்தில் விழிக்கும் ஆள். அந்தக் கூச்சம் அபராதத்தைவிட வலியது. ஊர்க்காரர்களிலேயே இளைஞர்கள் பலர் தடையை ஆதரித்தார்கள். தங்கள் அம்மாவும் பாட்டியும் வெளியூர்க்காரர் முன் பைஜாமாவில் நிற்பது அவர்களுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைக் குறை சொல்ல முடியாது. அதே நேரம், அந்தப் பாட்டி தன் சந்தில் எப்படி நடக்க வேண்டும் என்பதை ஆறு மாதம் வந்து போகும் விருந்தாளிகளின் பார்வை தீர்மானித்ததையும் நியாயம் என்று சொல்ல முடியாது. கண்காட்சிக்கு 7.3 கோடிப் பேர் வந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்கள்தான் என்பது தனிக்கதை.

இது சீனாவின் கிறுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். அதே 2010 ஜனவரியில் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ஒரு சூப்பர்மார்க்கெட், பைஜாமாவோடு வருபவர்கள் உள்ளே வரக்கூடாது என்று அறிவித்தது. 2018-இல் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் தோகலப்பள்ளி என்ற கிராமத்துப் பெரியவர்கள், காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை பெண்கள் நைட்டி அணியக்கூடாது என்று கட்டுப்பாடு விதித்தார்கள். மீறினால் 2000 ரூபாய் அபராதம். காட்டிக்கொடுப்பவருக்கு 1000 ரூபாய் சன்மானம்! ஆண்களின் லுங்கியைப் பற்றி யாரும் பேச்செடுத்ததாகத் தெரியவில்லை.

ஷாங்காய்க்குப் பத்து வருடம் கழித்து இதே கதை இன்னொரு வடிவில் வந்தது. ஆன்ஹுயி மாகாணத்தில் சுஜோ என்று ஒரு நகரம். (தோட்டங்களுக்குப் பேர்போன சுஜோ வேறு, இது வேறு.) 'தேசிய நாகரிக நகரம்' என்ற பட்டத்துக்காக அது முயன்றுகொண்டிருந்தது. 2020 ஜனவரி 20-ஆம் தேதி அந்நகர நிர்வாகத் துறை, பைஜாமாவில் தெருவில் நடந்த 7 பேரின் கண்காணிப்பு கேமரா படங்களை இணையத்தில் வெளியிட்டது. படத்தோடு அவர்களின் பெயரும், அடையாள அட்டை எண்ணின் ஒரு பகுதியும் இருந்தன. 'நாகரிகமற்ற நடத்தை' என்று தலைப்பு. இந்தமுறை எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. பைஜாமாவில் என்ன தப்பு என்று கேட்டவர்களோடு, கேமராவில் முகத்தைப் பிடித்து ஆளைக் கண்டுபிடித்துப் பெயர் போட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதிகாரிகள் படங்களை நீக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். தனிநபர் விவரங்களை வெளியிட்டதற்காகத்தான் மன்னிப்பு. பைஜாமா போட்டது நாகரிகமே என்று அவர்கள் சொல்லவில்லை.

ஷாங்காயில் பழைய சந்துகள் பெரும்பாலும் இடிக்கப்பட்டுவிட்டன. அங்கே இருந்தவர்களுக்குப் புறநகரில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. தனிச் சமையலறை, தனிக் கழிப்பறை, கதவைச் சாத்தினால் யார் முகத்திலும் விழிக்க வேண்டியதில்லை. இடிபடாமல் தப்பிய சில ஷிகுமென் வரிசைகளைப் புதுப்பித்து உணவு விடுதிகளாகவும் துணிக்கடைகளாகவும் மாற்றியிருக்கிறார்கள். அவற்றின் கல்வாசல்கள் முன் சுற்றுலாப் பயணிகள் நல்ல உடை உடுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.