25 குழந்தைகள்: ஓர் எண்ணின் வரலாறு

1997 ஜனவரி 1 அன்று மத்தியப் பிரதேச அரசு கல்வி உத்தரவாதத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் விதி மிக எளியது. ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இல்லாத பழங்குடிக் குடியிருப்பில் 25 குழந்தைகள் இருந்து, பெற்றோர் பஞ்சாயத்து வழியாகப் பள்ளி வேண்டும் என்று கேட்டால், 90 நாட்களுக்குள் அரசு அதைத் தொடங்கியாக வேண்டும். பிற பகுதிகளில் 40 குழந்தைகள் தேவை. பள்ளிக்கான இடத்தை அரசு தேடிச் செல்வது அதுவரை வழக்கமாக இருந்தது. இங்கே கேட்கும் உரிமை குடியிருப்பின் கைக்கு வந்தது. சில ஆண்டுகளில் இத்தகைய பள்ளிகளின் எண்ணிக்கை 26,000-ஐத் தாண்டியது. அவ்வளவு குடியிருப்புகள் அதுவரை பள்ளியின்றி இருந்தன என்பதும் அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது.

திட்டத்தைக் குறைகூறியோர் அன்றே பலர். ஆசிரியரை ‘குருஜி’ என்றழைத்து, தொடக்கத்தில் மாதம் 500 ரூபாய் மதிப்பூதியம் மட்டுமே தந்தனர். ஏழைகளுக்கு மலிவான பள்ளி, மற்றவர்களுக்கு முறையான பள்ளி என இரட்டைத் தடத்தை அரசே உருவாக்குகிறது என்ற குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. ஆயினும் அந்தக் குருஜியை உள்ளூர் மக்களே பரிந்துரைத்தனர் என்பதை விமர்சகர்கள் போதிய அளவு கருதவில்லை எனலாம்.

இதன் பொருள் ஜாபுவா, அலிராஜ்பூர் மாவட்டங்களின் நிலவியலை நோக்கினால் விளங்கும். பீல் மக்களின் ஊர் தெருவாக அமைவதில்லை. அவரவர் வயலின் நடுவே அவரவர் வீடு. சில வீடுகள் சேர்ந்தால் ஒரு ஃபலியா. பல ஃபலியாக்கள் சேர்ந்தால் ஒரு வருவாய்க் கிராமம். ஒரே கிராமத்தின் இரு முனைகளுக்கிடையே சில கிலோமீட்டர் தொலைவும் மழைக்காலத்தில் பெருகும் ஓடைகளும் இருக்கக்கூடும். ஆவணத்தில் ‘பள்ளியுள்ள கிராமம்’ என்று பதிவாகும் ஊரில் பாதிக் குழந்தைகளுக்குப் பள்ளி எட்டாதிருந்ததன் காரணம் இதுவே. அலகு கிராமமன்று, குடியிருப்பு என்பதை 1997-ஆம் ஆண்டின் விதி ஏற்றுக்கொண்டது.

மொழியும் இங்கே நுழைகிறது. 2011 கணக்கெடுப்பின்படி பீலி மொழியைத் தாய்மொழியாகச் சொன்னோர் 1.04 கோடிப் பேர். எட்டாவது அட்டவணையில் இடம்பெறாத மொழிகளுள் மிகுதியான பேசுநரைக் கொண்டது அதுதான். பாடநூல் இந்தியில், முதல் வகுப்புக் குழந்தைக்குத் தெரிந்தது பீலி. அதே ஃபலியாவிலிருந்து வந்த குருஜிக்கு இந்தப் பிளவைக் கடக்கத் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை. எந்த மொழிக்கொள்கை ஆவணமும் இதைத் திட்டமிடவில்லை. மதிப்பூதியத்தின் மலிவு கருதி எடுத்த முடிவு, தாய்மொழிவழி விளக்கம் என்ற பயனைத் தற்செயலாகத் தந்தது.

2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், கட்டடம், கழிப்பறை, தகுதி பெற்ற ஆசிரியர் எனச் சட்டம் வகுத்த நெறிகள் அனைத்தும் நியாயமானவை. ஆனால் ஓர் அறை, ஓர் ஆசிரியர் என இயங்கிய சிறு பள்ளி அந்நெறிகளின் முன் குறையுள்ள பள்ளியாயிற்று. குறையை நீக்குவதற்கு இரு வழிகள் உண்டு: இரண்டாவது ஆசிரியரை அமர்த்துவது, அல்லது பள்ளியையே நீக்குவது. தனியார் பள்ளிகளும், குஜராத்தை நோக்கிய பருவகால இடப்பெயர்வும் சேர்க்கையைக் குறைத்த பின்னர் இரண்டாம் வழி நிர்வாகத்துக்கு எளிதாயிற்று.

நிதி ஆயோக் 2017-இல் தொடங்கிய சாத்-இ திட்டத்துக்கு மத்தியப் பிரதேசம், ஜார்க்கண்ட், ஒடிசா ஆகிய மூன்று மாநிலங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. மூன்றுமே பழங்குடியினர் மிகுந்த மாநிலங்கள். மத்தியப் பிரதேசத்தில் ஏறத்தாழ 35,000 பள்ளிகள் 16,000 அளவில் ஒன்றாக்கப்பட்டன. இங்கே ‘இணைப்பு’ என்ற சொல்லைப் பிரித்தறிய வேண்டும். ஒரே வளாகத்திலுள்ள தொடக்கப் பள்ளியையும் நடுநிலைப் பள்ளியையும் ஒரே தலைமையாசிரியரின் கீழ்க் கொண்டுவருவதும் இணைப்பு. அதனால் எந்தக் குழந்தையும் கூடுதலாக ஓர் அடி நடப்பதில்லை. ஒரு ஃபலியாவின் பள்ளியைப் பூட்டிக் குழந்தைகளை அடுத்த ஊருக்கு அனுப்புவதும் இணைப்பு. மத்தியப் பிரதேசத்தில் நிகழ்ந்தவற்றுள் பெரும்பகுதி முதல் வகையைச் சேர்ந்தது. புள்ளிவிவரமோ இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகிறது. 2014-15-இல் 1,21,849 ஆக இருந்த அம்மாநில அரசுப் பள்ளிகள் 2023-24-இல் 92,439 ஆயின; நாடு முழுவதும் 11.07 லட்சம் 10.17 லட்சமாகச் சுருங்கியது. ‘இத்தனை பள்ளிகள் மூடப்பட்டன’ என்று இந்த எண்களை மேற்கோள் காட்டுவோரும், ‘எதுவும் மூடப்படவில்லை, இணைக்கப்பட்டன’ என்று மறுக்கும் அமைச்சர்களும் அந்தச் சொல்லின் இரட்டைப் பொருளுக்குள்ளேயே நின்று வாதிடுகின்றனர். மூடப்பட்ட பள்ளி தன் தனிக் குறியீட்டெண்ணையும் இழந்துவிடுவதால், அதன் குழந்தைகளுள் யார் புதிய பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தனர், யார் சேரவில்லை என்பதைப் பட்டியலிலிருந்து தேடியெடுப்பதும் கடினம்.

2020 தேசியக் கல்விக் கொள்கை, 28 விழுக்காடு தொடக்கப் பள்ளிகளில் 30-க்கும் குறைவான மாணவர்களே உள்ளனர் என்பதை ஒரு சிக்கலாகச் சுட்டுகிறது. இணைப்பை மிகக் கவனமாக, பள்ளி எட்டும் நிலை பாதிக்கப்படாதபோது மட்டுமே செய்ய வேண்டும் என்றும் அதே இயல் எச்சரிக்கிறது. அந்த வரி அரிதாகவே நினைவுகூரப்படுகிறது. 2025-இல் உத்தரப் பிரதேசம் 50-க்கும் குறைவான மாணவர் உள்ள பள்ளிகளை இணைக்க முற்பட்டது. சீதாபூர்க் குழந்தைகளின் சார்பில் தொடரப்பட்ட வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அம்முடிவை ஏற்றார். அதே ஜூலை மாதத்தில் இரு நீதிபதிகள் அமர்வு அம்மாவட்டத்தில் இருந்த நிலையே தொடர வேண்டும் என ஆணையிட்டது.

25 குழந்தைகள் 1997-இல் ஒரு பள்ளிக்கான தகுதி. 2020-இல் அதே 25 பேர் ஆராயப்பட வேண்டிய சிக்கல். 2025-இல் அடுத்த மாநிலத்தில் அவர்கள் வரம்பில் பாதி. இதற்கிடையே குருஜிகளுள் பலர் தகுதித் தேர்வெழுதி ஒப்பந்த ஆசிரியர்களாயினர். பணி மாறும்போது இடமும் மாறுவது அரசுப் பணியின் இயல்பு. அவ்வாறு ஒருவர் இடம் மாறிய ஃபலியாவில், இந்திப் பாடத்தைப் பீலியில் விளக்கிச் சொல்லும் பொறுப்பு எந்தப் பணியிடத்தின் பெயரிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆகவே அதை நிரப்புமாறு கேட்கவும் எவருக்கும் படிவம் இல்லை.