கழிப்பறையில் தொடங்கிய சேவை

ரோட்டரின்னா ரத்ததான முகாமும் போலியோ சொட்டு மருந்தும்தானே ஞாபகம் வரும்? ஆனா 1905-ல் சிகாகோவில் வழக்கறிஞர் பால் ஹாரிஸ் மூணு பேரோடு ஆரம்பிச்சப்போ நோக்கம் நட்பும் தொழிலும்தான். ஒவ்வொருத்தர் அலுவலகமா சுற்றிச் சுற்றிக் கூடியதால் அந்தப் பெயர்.

1907-ல்தான் ஊருக்காக முதல் வேலை: பொதுக் கழிப்பறை கேட்டுக் கிளம்பினார்கள். எதிர்த்தது யார் தெரியுமா? மதுபானக்காரர்களும் பெரிய கடைக்காரர்களும்! 'எங்ககிட்டயே இருக்கே'ன்னு வாதம். (உள்ளே போனவன் சும்மா திரும்புவானா?) விடவில்லை, 1909-ல் கழிப்பறை திறந்தது.

அதே சங்கம் 1985-ல் போலியோ ஒழிப்பில் இறங்கியது. 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது.

கல்லூரி ரோட்டராக்டில் பஸ் ஸ்டாண்டில் உண்டியல் குலுக்கக் கூசி நின்றவன் நான். கழிப்பறைக்காக வாதாடியவர்கள் கதை அன்றைக்கே தெரிஞ்சிருந்தா இன்னும் சத்தமா குலுக்கியிருப்பேன்!