பெயர் தாங்கும் கைப்பிடி: பீர்க் குழாயும் மைசூர் மரக்கலையும்

வீட்டில் சிறிய மதுக்கூடம் அமைப்போர், பீர்க் குழாய்க்கான மரக் கைப்பிடியைத் தாமே கடைந்துகொள்வது மேலைநாடுகளில் அறியப்பட்ட பொழுதுபோக்கு. அற்பமாகத் தோன்றும் இப்பொருள் ஒரு கேள்வியை எழுப்புகிறது: கையால் செய்த பொருளின்மீது யாருடைய பெயர் நிற்கிறது? இக்கைப்பிடியின் வரலாற்றை மைசூர் வட்டார மரக்கலையோடு ஒப்பிடும்போது அக்கேள்வி கூர்மை பெறுகிறது.

1797இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் பிராமா, பீர் இறைக்கும் கைவிசைப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். நிலவறைப் பீப்பாயிலிருந்து பானத்தை மேலே இழுக்க நீண்ட நெம்புகோல் வேண்டியிருந்தது. கைப்பிடி அதன் உறுப்பு. பின்னர் வளி அழுத்தமே பானத்தைத் தள்ளும் முறை பரவியபோது, குழாயைத் திறந்து மூடுவது மட்டுமே கைப்பிடியின் வேலையாயிற்று. உழைப்புக் குறைந்த கைப்பிடி, பெயர்ப் பலகையாக மாறியது. அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு நீங்கியபின், ஒன்றைச் சொல்லி மற்றொன்றை ஊற்றும் ஏமாற்றைத் தடுக்கும் பொருட்டு, பானத்தின் பெயர் குழாயிலேயே தெரிய வேண்டும் என்று பல மாநிலங்கள் விதித்தன.

செய்முறை எளியது. அமெரிக்க அளவுமுறையில், 3/8 அங்குல விட்டமும் அங்குலத்திற்கு 16 புரிகளும் கொண்ட உலோகச் செருகியை மரத்துண்டின் அடியில் பதித்தால் அது குழாயில் பொருந்தும். எடை மிகுந்தால் குழாய் தானே திறந்துகொள்ளக்கூடும் என்பதால் அளவறிந்து கடைய வேண்டும். அழகுக்கும் பெயருக்கும் வேண்டியவை கடைசலும் பதிப்பு வேலையும்.

இவ்விரண்டிலும் மைசூர் வட்டாரம் நெடுங்காலமாகத் தேர்ந்தது. மைசூருக்கும் பெங்களூருக்கும் இடையிலுள்ள சன்னபட்டணத்தில், வெட்பாலை மரத்தைக் கடைசல் பொறியில் சுழலவிட்டு வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவர். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். உலர்ந்த தாழை மடலால் தேய்க்க மெருகேறும். பொம்மைக்குப் பெயர்பெற்ற இப்பட்டறைகள் இழுப்பறைக் குமிழ்களையும் கடைகின்றன. ஆனால் அரக்கு எரிசாராயத்தில் கரையும் தன்மையது. மதுக்கூடப் பொருளுக்கு அதன்மேல் காப்புப் பூச்சு தேவைப்படும்.

மைசூர் நகரின் சிறப்பு, ஈட்டி மரத்தைக் குடைந்து வேற்றுப் பொருளைப் பதிக்கும் கலை. 1897இல் தொடங்கி 1912இல் நிறைவுற்ற அரண்மனையில், தந்தம் பதித்த ஈட்டி மரக் கதவு இக்கலைக்குச் சான்றாக நிற்கிறது. 1991ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இறக்குமதித் தந்த வணிகத்தையும் தடைசெய்தது; தந்தத்தின் இடத்தை வண்ண மரமும் நெகிழியும் நிரப்பின. 2017இல் ஈட்டியின் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. மூலப்பொருள் இருமுறை நெருக்கடிக்குள்ளாகியும் கைத்திறன் அழியவில்லை.

ஆயினும் பெயர்? அரண்மனையைக் காண்போர் உடையார் மன்னர்களையும் கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வினையும் அறிவர். கதவில் தந்தம் பதித்த கைகளை அறியார். 2005-06 காலத்தில் சன்னபட்டணப் பொம்மைக்கும் மைசூர் ஈட்டி மரப் பதிப்பு வேலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. போலிச் சரக்கிலிருந்து ஊரின் பெயரைக் காப்பது அதன் நோக்கம். குழாய்க் கைப்பிடியின்மேல் பெயர் பொறிக்கச் செய்த சட்டமும் அத்தகையதே: வாங்குபவர் ஏமாறாதிருக்கச் சரக்கை அடையாளம் காட்டியது, கடைந்தவரை அன்று.

வீட்டு மதுக்கூடத்தில் ஒருவர் தமக்கெனக் கடையும் கைப்பிடியில் செய்தவரும் பெயருக்குரியவரும் ஒருவரே. பொழுதுபோக்காளருக்கு எளிதில் வாய்க்கும் அவ்வுரிமை, தலைமுறைகளாக அதே தொழிலில் வாழ்வோருக்கு அரிதாகவே உள்ளது. கைவினை வரலாறு அரசர், ஊர், சரக்கு என்னும் மூன்று பெயர்களோடு நின்றுவிடலாகாது. தொழிற்பள்ளிகளின் பயிற்சிப் பதிவேடுகள், பட்டறைக் கணக்குகள், மூத்த கைவினைஞர்களின் வாய்மொழி ஆகியவற்றிலிருந்து நான்காவது பெயரைத் தேடி எழுதுவதே ஆய்வாளர்முன் உள்ள கடமை.