மணி என்ன? கணிப்பொறி எழுதும் கடிதம்

வெளியூர் நண்பருக்குக் கடிதம் எழுதி, "இப்போது மணி என்ன?" என்று கேட்டால் என்ன பயன்? பதில் வந்து சேர்வதற்குள் அந்த மணி பழையதாகிவிடும். வலைவழியே பேசிக்கொள்ளும் கணிப்பொறிகளுக்கும் இதே சங்கடம்தான்.

கணிப்பொறிக்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம் துடித்து நேரம் காட்டுகிறது. அதன் துடிப்பில் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு பிழை இருந்தாலே நாளொன்றுக்கு 0.86 விநாடி பிசகும். மாதத்தில் ஏறக்குறைய 26 விநாடி. நம் கைக்கடிகாரத்தில் இது பெரிதல்ல. ஆனால் ஒரே இரயில் இருக்கைக்கு இரண்டு சர்வர்கள் வழியாக இருவர் விண்ணப்பித்தால், முந்தியவர் யார்? கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டால், பிந்தி வந்தவருக்கு இடம் போய்விடலாம் அல்லவா?

இதற்கு வழி வகுத்தவர் அமெரிக்கரான டேவிட் மில்ஸ் (1938-2024). 1981-இல், காம்சாட் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, கணிப்பொறி வலைக்கான நேரச் சேவை ஒன்றை அவர் விவரித்தார். அந்நாளில் பல கணிப்பொறிகள் படிகத்தை நம்பவில்லை. மின்சாரத்தில் விநாடிக்கு 60 முறை எழும் அலைகளை எண்ணியே நேரம் கணித்தன. மின்தேவை கூடினால் அலைகள் சற்றுத் தளரும். பிறகு மின் நிலையத்தார் ஈடு செய்வார்கள். ஆகவே ஒரே மின்தொகுப்பைச் சேர்ந்த பொறிகள் எல்லாம் சேர்ந்தே பிசகின. வேடிக்கையான ஒற்றுமை! அமெரிக்காவின் கிழக்கு, மேற்குப் பகுதிகளுக்குத் தனித்தனி மின்தொகுப்புகள். அதனால் இரு கரைகளின் பொறிகளுக்கிடையே அந்த ஒற்றுமையும் இல்லை.

1985-இல் மில்ஸ் வெளியிட்ட வலை நேர நெறிமுறையின் உயிர்நாடி நேரக் குறிப்புகள்தாம். ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நம் சர்வரின் கடிகாரத்தில் 10 மணி 0 விநாடிக்குக் கேள்வி புறப்படுகிறது. நேரம் சொல்லும் பொறியை அது அடையும்போது அங்கே 7-ஆவது விநாடி. பதில் புறப்படும்போது 8. நம்மிடம் வந்து சேரும்போது நம் கடிகாரம் காட்டுவது 5! மொத்தம் 5 விநாடி ஆயிற்று. அங்கே தங்கியது 1. எனவே போகவர 4, ஒரு வழிக்கு 2. கேள்வி சேர்ந்த கணத்தில் நம் கடிகாரம் 2 காட்டியிருக்கும், அங்கோ 7. நாம் 5 விநாடி பின்தங்கியிருக்கிறோம்! உண்மையில் இவை விநாடியின் ஆயிரத்திலொரு பங்குக் கணக்குகள், புரிவதற்காகப் பெரிதாக்கினோம்.

பிசகு சிறிதானால் முள்ளைத் திடீரென நகர்த்துவதில்லை. நேரம் பின்னோக்கிச் சென்றால், நேற்றைய கோப்பு இன்றையதைவிடப் புதியதாகத் தோன்றும். ஆகவே கடிகாரத்தைச் சற்று விரைவாகவோ மெதுவாகவோ ஓடவிட்டு வழிக்குக் கொண்டுவருவார்கள். ஒருவர் சொல்லை மட்டும் நம்பாமல் பலரைக் கேட்டு, மற்றவர்களோடு ஒவ்வாத பதிலைத் தள்ளுவதும் உண்டு. இப்பொறிகளின் தலைமையில் நிற்பவை அணுக் கடிகாரங்களும் செயற்கைக்கோள் நேரமும்.

டெலவேர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மில்ஸ், பார்வை மங்கிய பின்னும் இதைத் திருத்திவந்தார். நான்காம் பதிப்பு 2010-இல் வெளிவந்தது. ஆயினும் ஒரு குறை நீங்கவில்லை. போகும் வழியும் வரும் வழியும் ஒரே நேரம் பிடிக்கும் என்றுதானே நாம் பாதியாக வகுத்தோம்? கேள்வி தரைவழியே சென்று, பதில் செயற்கைக்கோள் வழியே திரும்பினால், இரண்டுக்குமுள்ள வேறுபாட்டில் பாதி, கடிகாரத்தில் பிழையாக ஒட்டிக்கொள்ளும். அதை இந்த நான்கு எண்களிலிருந்து கண்டுபிடிக்க வழியே இல்லை.