இரண்டாம் நாற்காலி (7): பிரேமதாச வாய் திறக்கவில்லை

1988 டிசம்பர் 19 ஜனாதிபதித் தேர்தலில் ரணசிங்க பிரேமதாச வென்றதைப் போன வாரம் பார்த்தோம். கிடைத்தது 50.43 சதவீதம், மயிரிழை வெற்றி. ஜே.வி.பி.யின் மிரட்டலால் தெற்கில் பல ஊர்களில் சனம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. நுவரெலியா மாவட்டமோ அவர் பக்கம் நின்றது. நாடற்றவர்கள் என்று நாற்பது ஆண்டுகள் ஒதுக்கப்பட்டிருந்த மலையகத் தமிழரில் எஞ்சியோருக்குக் குடியுரிமை தரும் 39ஆம் இலக்கச் சட்டம் அந்த ஆண்டுதான் வந்திருந்தது. சௌமியமூர்த்தி தொண்டமானும் அவரது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் பிரேமதாசவை ஆதரித்தார்கள்.

பிரேமதாச ஜனாதிபதி, சரி. பிரதமர் யார்?

அதே ஆண்டு அமெரிக்காவிலும் தேர்தல். ஜனாதிபதி வேட்பாளர் டுகாகிஸ் தன் துணை ஜனாதிபதி வேட்பாளராக லொயிட் பென்ட்சனின் பெயரை ஜூலையிலேயே சொல்லிவிட்டார். எதிர்த்துப் போட்டியிட்ட ஜோர்ஜ் புஷ் ஆகஸ்டில் டான் குவேலை அறிவித்தார். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அங்கே வாக்காளர் இருவரையும் சேர்த்துப் பார்த்துத்தான் வாக்களித்தார். நம் நாட்டில் துணை ஜனாதிபதி என்ற பதவியே இல்லை. 1978 அரசியலமைப்பின்படி, பாராளுமன்றத்தின் நம்பிக்கை யாருக்கு உண்டு என்று ஜனாதிபதி கருதுகிறாரோ அவரே பிரதமர். ஜனாதிபதி இடையில் இறந்துபோனால் அந்தப் பிரதமர்தான் பதில் ஜனாதிபதி. ஒரு மாதத்துக்குள் பாராளுமன்றம் தன் உறுப்பினர் ஒருவரை இரகசிய வாக்கெடுப்பில் தெரிவு செய்யும். மக்களிடம் யாரும் கேட்கப் போவதில்லை. வாசகர்கள் இந்த விதியை மறந்துவிட வேண்டாம்.

1989 பெப்ரவரி 15 பொதுத் தேர்தலில் பிரேமதாசவின் ஐக்கிய தேசியக் கட்சி 225 ஆசனங்களில் 125ஐப் பிடித்தது. ஊகங்கள் சூடுபிடித்தன. எங்கும் அடிபட்ட பெயர்கள் இரண்டு: லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க.

லலித் ஒக்ஸ்போர்ட்டில் படித்த சட்டத்தரணி, போர்க்காலத்தின் தேசிய பாதுகாப்பு அமைச்சர். காமினியை மலையகத்துக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1977இல் நுவரெலியா-மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் முதலாவதாக வந்தவர் அவர். அடுத்து அனுர பண்டாரநாயக்க, மூன்றாவதாகச் சேவல் சின்னத்தில் தொண்டமான். நானுஓயா ஆறு போய்ச் சேரும் கொத்மலை ஓயாவில் 1985இல் திறந்த அணை, காமினி மகாவலி அமைச்சராக இருந்தபோது கட்டியது.

ஆனால் தமிழர் மனதில் காமினிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த நாட்களில் அந்நகரில் இருந்த இரண்டு அமைச்சர்களில் ஒருவர் அவர். மற்றவர் சிறில் மத்தியூ. அதே காமினிதான் 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைத் துணிந்து ஆதரித்தார். பிரேமதாச எதிர்த்தார், லலித்தும் எதிர்த்தார். இந்தியப் படையைத் திருப்பி அனுப்புவேன் என்று வாக்களித்து வந்த ஜனாதிபதி, ஒப்பந்தத்தின் ஆதரவாளரைப் பக்கத்தில் உட்கார வைப்பாரா?

அப்படியானால் லலித்தானே? கொழும்பு மாவட்டத்தில் விருப்பு வாக்கில் முதலிடம் அவருக்கு. அவர் பேரை அறிவிப்பதுதான் பாக்கி என்று நம்பியவர்கள் ஏராளம்.

பிரேமதாச வாய் திறக்கவில்லை. பதவியேற்று இரண்டு மாதம் பிரதமர் நாற்காலியில் யார் அமர்வார் என்பதைத் தனக்குள்ளேயே வைத்திருந்தார்.

மார்ச் முதல் வாரத்தில் பெயர் வந்தது: டிங்கிரி பண்டா விஜேதுங்க.

கண்டி மாவட்டம், உடுநுவரைக்காரர். வயது 73. 1965இலேயே பாராளுமன்றம் புகுந்தவர், ஒரு கட்டத்தில் வடமேல் மாகாண ஆளுநராகவும் இருந்தவர். தனக்கென்று கோஷ்டி கிடையாது. ஊகப் பட்டியல்களில் அவர் பெயரை யாரும் முன்னுக்கு வைத்திருக்கவில்லை.

காரணத்தை வெகுதூரம் தேட வேண்டாம் என்பது என் கணிப்பு. ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனவின் கீழ் பதினொரு ஆண்டு பிரதமராக இருந்தவர் பிரேமதாச. வாழைத்தோட்டத்துப் பிள்ளையை ஜனாதிபதி வேட்பாளராக ஏற்கக் கட்சியின் பெரிய குடும்பங்கள் எவ்வளவு தயங்கின என்பதை அனுபவித்தவர். இரண்டாம் இடத்தில் இருப்பவன் முதல் இடத்தை எப்படிப் பார்ப்பான் என்று அவருக்குத் தெரியும். தன்னைப் போல இன்னொருவரைத் தன் பின்னால் நிறுத்த அவர் விரும்பவில்லை. இதை நான் தவறான தெரிவு என்றே சொல்வேன். நாட்டின் அடுத்த ஆட்சியாளராகக் கூடியவரை, அவர் ஆபத்தில்லாதவர் என்ற ஒரே தகுதியை வைத்துத் தேர்ந்தெடுப்பது நாற்காலிக்குக் காவல். நாட்டுக்குக் காவல் ஆகாது.

காமினிக்குக் கிடைத்தது பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சு. கொழும்பு இதை இறக்கம் என்று பார்த்தது. நானுஓயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கோ அது பிரதமர் பதவியைவிட நெருக்கமான விஷயம். தோட்டங்கள் அப்போது அரசின் கையில். ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தின. பிரட்டுக்களத்தில் பேர் கொடுப்பது முதல் லயத்துக் கூரைத் தகரம் வரை அந்த அமைச்சின் கீழ்தான் வந்தது. அமைச்சரவையில் தொண்டமானும் இருந்தார். 1977இல் ஒரே தொகுதியில் வென்ற இருவர், இப்போது ஒரே மேசையில்.

அதுவும் நீடிக்கவில்லை. 1990 மார்ச்சில் காமினி அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டார். கல்வி அமைச்சராக இருந்த லலித் 1991 ஆகஸ்டில் பதவியைத் துறந்தார். பிரதமர் பதவிக்கு எதிரெதிராகப் பேசப்பட்ட இருவரும் இப்போது ஒரே அணி.

அந்த ஆகஸ்ட் இறுதியில் சபாநாயகர் எம்.எச். மொஹமட்டின் கைக்கு ஒரு பிரேரணை போய்ச் சேர்ந்தது. பதவியிலிருக்கும் ஜனாதிபதியை நீக்கக் கோரும் குற்றப் பிரேரணை. அதில் ஆளுங்கட்சியினரின் கையொப்பங்களும் இருந்தன. எத்தனை, யார் யார், கடைசி நேரத்தில் பின்வாங்கியவர்கள் யார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)